பழைய பிக்கப்புக்குப் புது மீட்டர்: முள் சொல்வது நிஜமா?

ஒரு வண்டிக்கு வயதாகிவிட்டதா என்று அறிய எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. டிரைவர் ஆசனத்தில் உட்கார்ந்து எதிரே பார்த்தால் போதும். மங்கிப்போன கண்ணாடி. 40 கி.மீ. வேகத்தில் போகும்போது 20-க்கும் 60-க்கும் நடுவே ஊஞ்சலாடும் முள். டாங்கு நிறைய டீசல் இருந்தாலும் பாதிக்கு மேல் ஏற மறுக்கும் இன்னொரு முள். என்றைக்கோ நின்றுபோன கிலோ மீட்டர் கணக்கு.

எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும். சேசிஸில் துரு இருக்காது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து பூவும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டுக்கு வந்து சேரும் பிக்கப் வண்டிகளில் இப்படிப்பட்டவையும் உண்டு. வண்டி ஓடுகிறது. ஆனால் தன் நிலைமையைச் சொல்ல அதற்கு வாய் இல்லை.

அந்த வாயைத் திறக்கத்தான் பலரும் புது மீட்டர் செட் தேடுகிறார்கள். பெங்களூரில் ஜே.சி. ரோடு, சென்னையில் புதுப்பேட்டை, டெல்லியில் காஷ்மீரி கேட் என்று உதிரி பாகக் கடைகள் நிறைந்த இடங்களில், புது மாடல் வண்டிகளிலிருந்து கழற்றிய மீட்டர் செட்டுகளைத் தேடிப் பிடிக்கலாம். சாவியைத் திருப்பினால் வெள்ளை வெளிச்சம். முட்களெல்லாம் ஒரு தடவை கடைசி வரை போய்த் திரும்பி வணக்கம் சொல்லும். நடுவில் சின்னத் திரையில் எண்கள் ஓடும். பார்க்க அழகுதான். பொருத்திவிட்டால் பழைய வண்டி பத்து வயது குறைந்தாற்போல் தோன்றும்.

ஆனால் அழகு வேறு, உண்மை வேறு. மீட்டர் என்பது முகம் மட்டுமே. அதற்குச் செய்தி சொல்லும் சென்சார் கியர் பாக்ஸிலும் டாங்கிலும் எஞ்சினிலும் இருக்கிறது. முகமும் சென்சாரும் ஒரே பாஷை பேசாவிட்டால், புது மீட்டர் பளபளப்பாகப் பொய் சொல்லும். பழைய மீட்டர் ஊமை, இதுவோ புளுகன். ஊமையைவிடப் புளுகன் ஆபத்தானவன்.

டீசல் எங்கே போயிற்று?

இந்தப் பொய்யால் முதலில் அடிபடுகிறவர் டிரைவர். ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு பிக்கப் லிட்டருக்குப் பன்னிரண்டரை கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 கி.மீ. ஓடி வந்தால் 16 லிட்டர் டீசல் செலவாகும். புது மீட்டர் பத்து சதவீதம் குறைத்துக் காட்டுகிறது என்றால், டிரிப் ஷீட்டில் 180 கி.மீ. என்றுதான் விழும். கம்பெனி குமாஸ்தா பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுவார். 180 கி.மீட்டருக்கு 14 லிட்டர் 400 மில்லி போதும். மிச்சம் 1 லிட்டர் 600 மில்லி என்ன ஆயிற்று?

“டீசல் எங்கேப்பா போச்சு?” என்று முதலாளி கேட்பார். தினம் ஒரு தடவை கேட்டால், பத்து வருஷம் உண்மையாக உழைத்தவருக்கும் பதில் சொல்ல வழியில்லை. தவறு டிரைவர் மேலும் இல்லை, குமாஸ்தா மேலும் இல்லை. குமாஸ்தா மீட்டரைத்தான் நம்ப முடியும். அந்த மீட்டரைச் சரிபார்க்காமல் பொருத்தியதுதான் தவறு.

மீட்டர் கூட்டிக் காட்டினாலோ வேறு விதமான நஷ்டம். கிலோ மீட்டர் கணக்கில் வாடகை கொடுக்கிற வியாபாரி, ஓடாத தூரத்துக்குப் பணம் கொடுப்பார். ஆயில் மாற்றும் தேதி முன்னால் வரும். டயர் உழைத்த கணக்கு பொய்யாகும். ஆகவே மீட்டர் மாற்றுவதை அலங்கார வேலை என்று நினைக்கக் கூடாது. தராசு மாற்றுவது போன்ற வேலை அது.

கேபிள் காலம்

பழைய வேக மீட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. கியர் பாக்ஸின் பின்பக்கம் ஒரு சின்னப் பல் சக்கரம். அதிலிருந்து ஒரு கேபிள் மீட்டர் வரை வரும். சக்கரம் சுழலச் சுழல கேபிளின் உள்கம்பி சுழலும். மீட்டருக்குள் அது ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் கிண்ணத்தைத் தொடாது. ஆனாலும் சுழலும் காந்தம் அலுமினியத்தில் மின்னோட்டத்தை உண்டாக்கி, கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கப் பார்க்கும். மெல்லிய சுருள் வில் அதைத் தடுத்துப் பிடிக்கும். வேகம் கூடக் கூட இழுப்பும் கூடும்; கிண்ணத்தோடு ஒட்டிய முள் நகரும்.

இந்த அமைப்புக்கு ஓட்டோ ஷுல்ஸே என்ற ஜெர்மானியர் 1902-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு மகா யுத்தங்களைத் தாண்டி, நம் ஊர் ஜீப், லாரி, பஸ் எல்லாவற்றிலும் ஓடியது அதே தத்துவம்தான். உள்கம்பி காய்ந்து போனால் முள் ஆடும், அறுந்தால் விழுந்துவிடும். பழுது கண்ணுக்குத் தெரியும். அதுதான் அதன் பெருமை.

மற்ற முட்கள் எளிய மின்சாரத்தில் ஓடுபவை. டாங்கில் ஒரு மிதவை; அது ஏறி இறங்கும்போது மின்தடை மாறும். எஞ்சின் தண்ணீர்ப் பாதையில் ஒரு சென்சார். சூடு ஏறினால் அதன் தடை குறையும். அந்தத் தடைக்கு ஏற்றபடி முள் நகரும். பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் 12 வோல்ட்டைச் சுமார் 10 வோல்ட்டாக நிலைநிறுத்திக் கொடுக்கும் ஒரு சின்ன டப்பாவும் மீட்டரின் முதுகில் இருக்கும். அது கெட்டால் டீசல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒன்றாகத் தப்புக் காட்டும். இரண்டும் சேர்ந்து தப்பினால் மீட்டர் செட்டையே தூக்கி எறிவதற்கு முன், அந்த டப்பாவைப் பார்ப்பது நல்லது. பல வண்டிகளின் நோய் அதோடு தீர்ந்துவிடும்.

எது பொருந்தும், எது பொருந்தாது?

புது மீட்டர் என்று கடையில் கிடைப்பவை மூன்று ஜாதி.

முதலாவது, கேபிள் காலத்துக்கும் கணினிக் காலத்துக்கும் இடைப்பட்டவை. இவற்றில் வேகத்துக்கு ஒரு ஒயர், டீசலுக்கு ஒரு ஒயர், வெப்பத்துக்கு ஒரு ஒயர் என்று தனித்தனியாக வரும். பழைய பிக்கப்புக்கு மிகவும் ஏற்றவை இவைதான்.

இரண்டாவது, இன்றைய வண்டிகளில் உள்ளவை. இவற்றின் பின்னால் நாலைந்து ஒயர்கள் மட்டுமே இருக்கும். அதைப் பார்த்து, வேலை சுலபம் என்று ஏமாந்துவிடக் கூடாது. எஞ்சின் கணினியும் பிரேக் கணினியும் மீட்டரும் முறுக்கிய ஓர் இரட்டைக் கம்பியில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை அது. ‘கேன்’ என்று அதற்குப் பெயர். பாஷ் கம்பெனி உருவாக்கி 1986-இல் உலகுக்கு அறிவித்த முறை. பழைய டீசல் எஞ்சினில் கணினியே கிடையாது. மீட்டரோடு பேச ஆள் இல்லை. ஆகவே எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரியும், முட்கள் படுத்துக்கிடக்கும். நடுவில் மொழிபெயர்க்கும் சின்னக் கணினிப் பலகை ஒன்றைச் செய்து வைத்தால் இதையும் இயக்கலாம். எஸ்.பி. ரோட்டில் அதற்கான சாமான்கள் கிடைக்கும். ஆனால் அது நிரல் எழுதத் தெரிந்தவர் செய்யும் வேலை. அவர் ஊரை விட்டுப் போன பிறகு பழுது வந்தால் பார்க்க ஆள் கிடைக்காது. பிழைப்புக்கு ஓடும் வண்டியில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

மூன்றாவது, எந்த வண்டிக்கும் பொருந்தும்படி தனியாக விற்கப்படும் மீட்டர்கள். ஒரு கிலோ மீட்டருக்கு எத்தனை துடிப்பு, டாங்கு காலியாக இருந்தால் எத்தனை ஓம் என்று நாமே பதியும் வசதி இவற்றில் சிலவற்றுக்கு உண்டு. அந்த வசதி உள்ளதைத்தான் வாங்க வேண்டும்.

வண்டி மீட்டர் செய்வது தமிழர்களுக்குப் புதிய தொழில் அல்ல. கோயம்புத்தூரில் 1970-களில் தொடங்கிய பிரிக்கால், இந்திய வண்டிகள் பலவற்றுக்கு மீட்டர் செய்து கொடுத்து வருகிறது. முள்ளை நகர்த்துவது இப்போது காந்தக் கிண்ணம் அல்ல. விரல் நுனி அளவுள்ள படி மோட்டார். ஒவ்வொரு படியும் ஒரு டிகிரிக்கும் குறைவு. அதற்குக் கட்டளை கொடுப்பது உள்ளே இருக்கும் சில்லு. சில்லுக்குச் சரியான செய்தி போனால், கேபிள் மீட்டரைவிடத் துல்லியமாகக் காட்டும்.

பழைய சாமான் கடையில் வாங்குகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். மீட்டரின் பின் சொருகியோடு ஒரு முழம் ஒயர். அது எந்த வண்டியில் இருந்தது என்ற விவரம். அது தெரிந்தால்தான் ஒயரிங் படம் தேட முடியும். முடிந்தால் அதே வண்டியின் டாங்கு மிதவையும் வெப்ப சென்சாரும். முள்ளும் சென்சாரும் பிரியாத ஜோடி. ஒன்றை மட்டும் வாங்கினால் பாதி வேலைதான்.

வேகம்: சுற்றைத் துடிப்பாக்குதல்

புது மீட்டருக்குக் கேபிள் வேண்டாம், துடிப்பு வேண்டும். அதற்காகக் கியர் பாக்ஸில் கேபிள் திருகும் இடத்தில் ஒரு வேக சென்சாரைப் பொருத்துவார்கள். கேபிள் ஒரு சுற்றுச் சுற்றினால் அது நாலு, எட்டு என்று குறிப்பிட்ட எண்ணிக்கையில் மின் துடிப்பு அனுப்பும்.

இங்கேதான் கணக்கு தப்பும். ஜப்பானியத் தர முறைப்படி 1 கி.மீட்டருக்குக் கேபிள் 637 சுற்றுச் சுற்றும். சுற்றுக்கு 4 துடிப்பு என்றால் 2,548 துடிப்பு. வேறு சில வண்டிகளில் 1 கி.மீட்டருக்கு 1,000 சுற்று. 1,000 சுற்று வண்டியில் 637 சுற்று மீட்டரைப் போட்டால், 40-இல் போகும்போது முள் 63-ஐக் காட்டும்!

தன் வண்டிக்கு எத்தனை சுற்று என்று அறிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. சமதரையில் டேப் பிடித்து 20 மீட்டர் அளந்து கோடு போட வேண்டும். கேபிளை மீட்டர் பக்கம் கழற்றி, உள்கம்பியின் நுனியில் காகிதக் கொடி ஒன்றை ஒட்ட வேண்டும். வண்டியை ஆள் வைத்து மெதுவாகத் தள்ளினால் கொடி சுற்றும். சுற்றுகளை எண்ணி 50-ஆல் பெருக்கினால் 1 கி.மீட்டருக்கான கணக்கு. 637 சுற்று வண்டியில் கொடி பன்னிரண்டே முக்கால் தடவை சுற்றும். வண்டியில் பெரிய டயர் மாற்றியிருந்தாலும் அதுவும் இந்தக் கணக்கில் சேர்ந்து வந்துவிடும். சந்தேகம் இருந்தால் தூரத்தை 40 மீட்டராக்கி, 25-ஆல் பெருக்கிச் சரிபார்க்கலாம்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய வண்டியாக இருந்தால் கவனம் தேவை. அதன் சென்சாரும் சீலும் இதே இடத்தில் இருக்கலாம். சீலை உடைத்துவிட்டு, தகுதிச் சான்றுக்குப் போகும்போது கையைப் பிசைந்து பயனில்லை.

எஞ்சின் சுற்று காட்டும் மீட்டர் இருந்தால் அதற்கும் செய்தி வேண்டும். பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயிலிலிருந்து எடுப்பார்கள். டீசலில் காயில் கிடையாது. ஆல்டர்னேட்டரின் பின்னால் ‘டபிள்யூ’ என்று குறித்த முனை இருந்தால் அங்கிருந்து எடுக்கலாம். ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு கொடுத்து, எஞ்சினைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் அது சுழன்றால், எஞ்சின் ஒரு சுற்றுக்கு 12 துடிப்பு. 750 சுற்றில் ஐடிலிங் நின்றால் விநாடிக்கு 150 துடிப்பு. புல்லியின் குறுக்களவை அளந்து இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

டீசல் முள்: தலைகீழ் விபரீதம்

எல்லா டாங்கு மிதவைகளும் ஒரே மாதிரி அல்ல. ஒரு ஜாதி, டாங்கு காலியாக இருக்கும்போது 10 ஓம், நிறைந்தால் 180 ஓம். இன்னொரு ஜாதி நேர் எதிர்: காலியானால் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம்.

முதல் ஜாதி மீட்டரை இரண்டாம் ஜாதி மிதவையோடு இணைத்தால் என்ன ஆகும்? டாங்கு நிறைந்திருக்கும்போது முள் கிட்டத்தட்டக் காலி என்று காட்டும். காலியாக ஆக ஏறிக்கொண்டே போகும். கடைசிச் சொட்டு தீரும்போது ‘ஃபுல்’ என்று நிற்கும்! டீசல் எஞ்சினில் டாங்கு வறண்டு நின்றால் டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். நடுராத்திரியில் நெடுஞ்சாலை ஓரத்தில் அந்த வேலை செய்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

மல்ட்டிமீட்டர் வைத்து, டாங்கு காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் தடையை அளந்து குறித்துக்கொண்ட பிறகே மீட்டரை வாங்க வேண்டும். பொருத்திய பின் காலி டாங்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதி வைக்கலாம். டாங்கின் வடிவம் ஒரே சீராக இராது. ஆகவே முள் பாதியில் நின்றால் டீசலும் பாதி இருக்கும் என்று எண்ணக் கூடாது. எழுதி வைத்த காகிதம்தான் உண்மை.

வெப்ப முள்: எஞ்சினின் உயிர்

எல்லாவற்றிலும் விலை உயர்ந்த பொய் இந்த முள்ளில்தான் இருக்கிறது. டீசல் முள் பொய் சொன்னால் ஒரு ராத்திரி தூக்கம் போகும். வெப்ப முள் பொய் சொன்னால் சிலிண்டர் ஹெட் போகும்.

பரவலாகப் புழங்கும் ஒரு வகை சென்சாரில் தடை 40 டிகிரி சென்டிகிரேடில் சுமார் 290 ஓம். 100 டிகிரியில் சுமார் 38. 120 டிகிரியில் சுமார் 22. அந்தச் சென்சாருக்காகச் செய்த மீட்டரோடு, அதே சூட்டில் அதிகத் தடை காட்டும் வேறு வகைச் சென்சாரை இணைத்தால், தண்ணீர் கொதிக்கும்போதும் முள் நடுவில் சாவகாசமாக நிற்கும்.

சோதிக்க ஓர் அடுப்பும் பாத்திரமும் போதும். சென்சாரைக் கழற்றி, ஒயரோடு தண்ணீரில் தொங்கவிட்டு, அதன் உடம்பை ஒரு கம்பியால் வண்டியின் எர்த்தோடு இணைத்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். சொருகி நனையக் கூடாது. தண்ணீர் கொதிக்கும்போது முள் எங்கே நிற்கிறதோ, அங்கே கண்ணாடியில் ஒரு சிறு புள்ளி வைத்துக்கொள்ளலாம். ஒரு விஷயம்: மும்பையிலும் சென்னையிலும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள பெங்களூரில் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

சென்சாரைத் திரும்ப முடுக்கும்போது ஒழுகாமலிருக்க வெள்ளை டேப்பை அள்ளிச் சுற்றுவது வழக்கம். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அதன் மரைதான் எர்த். டேப் அதிகமானால் எர்த் கெட்டு, முள் குளிர்ச்சி என்று காட்டும்.

பழைய டிரைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு மாற்றமும் உண்டு. பழைய முள் சூடு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். சேலத்திலிருந்து தர்மபுரி வரும் வழியில் தொப்பூர்க் கணவாயில் பாரத்தோடு ஏறும்போது முள் மெல்ல நகர்வதைப் பார்த்து, வண்டியை ஓரம் கட்டிச் சற்று ஆறவிடுவார்கள். புது மீட்டர்கள் பலவற்றில் சாதாரண சூட்டின் எல்லை முழுவதிலும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் ஆடினால் சொந்தக்காரர் வீணாகப் பயப்படுகிறார் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அது அசையத் தொடங்கும்போது அபாயம் வாசலுக்கு வந்துவிட்டது என்று பொருள். பழைய எஞ்சினுக்கு முன்கூட்டியே சொல்லும் முள்தான் நல்லது. தனியாக ஒரு வெப்ப மீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது செலவல்ல, காப்பீடு. எஞ்சின் ஆயில் அழுத்தத்துக்கான பழைய சிவப்பு விளக்கையும் கழற்றாமல் விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

சின்ன விளக்கு, பெரிய வேலை

புது மீட்டர் போட்ட மறுநாள் பேட்டரி இறங்கிவிட்டது என்று சிலர் புலம்புவார்கள். காரணம் சார்ஜ் விளக்கு.

பேட்டரிப் படம் போட்ட அந்தச் சிவப்பு விளக்கு வெறும் அறிவிப்பு அல்ல. பழைய வகை ஆல்டர்னேட்டர் பலவற்றில், அந்தப் பல்பு வழியாகப் போகும் சிறு மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரை முதலில் தட்டி எழுப்புகிறது. 3 வாட் பல்பு வழியாகச் சுமார் கால் ஆம்பியர் போகும். புது மீட்டரில் இருப்பது எல்.இ.டி.; அதில் போவது அதில் ஒரு சிறு துளி. ஆல்டர்னேட்டர் விழிக்காது. எல்.இ.டி.-க்கு இணையாக 50 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் குறை தீரும். பட்டாணி விலைச் சாமான். அது தெரியாமல் ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

எர்த்தும் முக்கியம். ஹெட்லைட் போட்டால் வெப்ப முள் துள்ளுகிறது என்றால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். மீட்டரிலிருந்து தனி ஒயர் எடுத்து, பெயின்ட் சுரண்டிய சேசிஸில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள பின்னல் பட்டையையும் சுத்தம் செய்ய வேண்டும். மீட்டருக்குத் தனி பியூஸ் அவசியம். வேலை தொடங்குமுன் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிடுவது முதல் விதி.

கிலோ மீட்டர்: வண்டியின் ஜாதகம்

வேறு வண்டியில் ஓடிய மீட்டரைப் பொருத்தினால், அதில் இருப்பது அந்த வண்டியின் கிலோ மீட்டர். அது சில்லில் பதிந்திருக்கும். 3 லட்சம் கி.மீ. ஓடிய பிக்கப் ஒரே நாளில் 40 ஆயிரம் கி.மீ. வண்டியாகிவிடும். விற்கும்போது அதைச் சொல்லாமல் விற்றால், அது நேரான மோசடி. வாங்குகிறவரும் நம்மைப் போல் கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறவராகத்தான் இருப்பார்.

அமெரிக்காவில் இதற்கு மத்திய அரசின் சட்டமே இருக்கிறது. மீட்டரை மாற்றும்போது பழைய கணக்கைத் தொடர முடியாவிட்டால் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். மாற்றுவதற்கு முன் இருந்த கிலோ மீட்டரையும் மாற்றிய தேதியையும் எழுதி, வண்டியின் இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். நம் ஊரிலும் நல்ல மெக்கானிக்குகள் இதையே செய்யலாம். கதவுச் சட்டத்தில் ஒரு துண்டுத் தகடு; பில்லில் இரண்டு வரி; இரண்டு மீட்டரையும் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ. அவ்வளவுதான் செலவு.

இந்தியாவில் வண்டிக்கு வேக மீட்டர் கட்டாயம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆவது விதி அதைச் சொல்கிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. மீட்டரை மாற்றினால் எஞ்சின் எண்ணோ சேசிஸ் எண்ணோ மாறுவதில்லை. என்றாலும் வாடகைக்கு ஓடும் வண்டியானால் தகுதிச் சான்றுக்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கடிகாரமும் கிலோ மீட்டர் கல்லும்

பொருத்தி முடிந்ததும் மெக்கானிக்குக்குக் கூலி கொடுப்பதற்கு முன் ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது. காலியான நெடுஞ்சாலையில் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, அவர் கையில் கடிகாரத்தைக் கொடுக்க வேண்டும். முள் 60-இல் நிற்கும்படி ஒரே சீராக ஓட்டினால், ஒரு கிலோ மீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சரியாக 60 விநாடி ஆக வேண்டும். 40-இல் ஓட்டினால் 90 விநாடி. கைப்பேசியில் செயற்கைக்கோள் வழி வேகம் காட்டும் வசதி இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

60 காட்டும்போது 66 விநாடி ஆகிறது என்றால் நிஜ வேகம் 54½ கி.மீ. பயமில்லை. வேக முள் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம்; குறைத்து மட்டும் காட்டக் கூடாது. இதுதான் உலக வழக்கம். ஐ.நா. வாகன விதிகளில் 39-ஆவது விதி, நிஜ வேகத்தின் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கி.மீட்டரும் வரை கூட்டிக் காட்ட அனுமதிக்கிறது. 55 விநாடியிலேயே அடுத்த கல் வந்துவிட்டால், வண்டி 65-இல் போகிறது, முள் மறைக்கிறது. அந்த மீட்டரோடு சாலைக்கு வரக் கூடாது.

வேக முள்ளுக்குக் கொடுக்கும் சலுகையைக் கிலோ மீட்டர் கணக்குக்குக் கொடுக்கக் கூடாது. பத்துக் கல் தாண்டினால் பத்துக் கிலோ மீட்டர் ஏற வேண்டும். ஒன்பதரை என்றாலும் பத்தரை என்றாலும் துடிப்புக் கணக்கைத் திருத்திவிட்டு மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இந்தப் பரீட்சைக்கு முதலாளி, டிரைவர், கணக்கு எழுதும் குமாஸ்தா மூவரும் ஒன்றாகப் போய்வருவது நல்லது. அரை நாள் வேலை கெடும், வாஸ்தவம்தான். கல்லை எண்ணிய குமாஸ்தா அந்தக் கணக்கை டிரிப் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால், பின்னொரு நாள் மைலேஜ் குறையும்போது முதலாளி முதலில் சந்தேகப்படுவது ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும்தான், டிரைவரை அல்ல.